ஹிமாலயன் 411-ல் ஜிபிஎஸ்: கரண்ட் எங்கிருந்து எடுப்பது, எங்கே மாட்டுவது?

மலைப்பாதை | சென்னை

எல்லாருக்கும் வணக்கம். வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, பிஎஸ்6. வெளிநாடு போன நண்பர் ஒருவர் தன் ஜிபிஎஸ் கருவியான கார்மின் ஜூமோ எக்ஸ்டியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பைக்கில் பிடித்து வைக்கும் தாங்கியான கிரேடிலும் அதோடு வரும் வயரும் இருக்கின்றன. வயரின் முனையில் பிளக் எதுவும் இல்லை. ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு, சிவப்பில் ஒரு ஃபியூஸ், அவ்வளவுதான்.

அடுத்த கோடையில் ஸ்ரீநகர் வழியாக லே போய், மணாலி வழியாக இறங்கத் திட்டம். அதற்குள் இதை ஒழுங்காக மாட்டிவிட வேண்டும். பேட்டரியில் நேராகக் கொடுக்கலாமா, ஹெட்லைட் வயரில் எடுக்கலாமா, ரிலே (சின்ன கரண்டால் வேறொரு சுற்றை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) போட வேண்டுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஹேண்டில்பாரில் எந்த இடம் நல்லது என்பதையும் சொல்லுங்கள்.

ஊர்சுத்தி | ஓசூர்

தனியாக ஜிபிஎஸ் எதற்கு ப்ரோ? போனில் ஆஃப்லைன் மேப் இறக்கிவிட்டால் சிம் இல்லாமலே வழி காட்டும். டேங்க் பேக்கில் ஒரு பவர்பேங்க். வண்டியில் ஒரு வயரைக்கூடத் தொட வேண்டாம். ஸ்பிட்டிக்கு நான் இப்படித்தான் போய் வந்தேன்.

மேகமலை | தேனி

போன் போதும் என்பது பாதி உண்மை. மேப்புக்கு சிம் தேவையில்லை, சரி. நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட்தான் எடுக்கும் என்பதால் மேப்பைக் கிளம்பும் முன்பே இறக்கிக்கொள்ள வேண்டும், அதுவும் சரி. பிரச்சினை வெயிலும் அதிர்வும்தான். ஹேண்டில்பாரில் வெயில் நேராக விழ, கீழே சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால், மே மாத நாக்பூரில் போன் சூடாகித் திரையை மங்கலாக்கும், அப்புறம் சார்ஜை நிறுத்திக்கொள்ளும்.

கேமரா விஷயமும் உண்டு. பெரிய இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவில் பட நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பைக் கெடுக்கலாம், போனை ஹேண்டில்பாரில் நேராக மாட்ட வேண்டாம் என்று ஆப்பிளே 2021 செப்டம்பரில் அறிவித்தது. மற்ற போன்களின் கேமராவிலும் அதே வகை அமைப்பு இருந்தால் அதே கதைதான். போனில்தான் ஓட்டுவேன் என்றால் டிராயரில் கிடக்கும் பழைய போனை மாட்டுங்கள். ஊர்சுத்தி அண்ணா, உங்கள் போன் தப்பித்தது உங்கள் நல்ல நேரம்.

மலைப்பாதைக்கு அந்தக் கேள்வியே இல்லை. கையில் ஜூமோ இருக்கிறது. நனையலாம், கையுறையோடு தொடலாம், வெயிலிலும் திரை தெரியும். அதை ஏன் விட வேண்டும்?

பழைய வயர்மேன் | மதுரை

தம்பி, மூன்று வழிகளிலும் ஜிபிஎஸ் ஓடும். ஏதாவது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதில்தான் வித்தியாசம். அதை வைத்து முடிவெடு.

முதலில் கணக்கு. கிரேடில் 12 வோல்ட்டை வாங்கி 5 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. சாதனம் 10 வாட் தின்றாலும் பேட்டரிப் பக்கம் இழுப்பது ஒரு ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட. ஒரு இன்டிகேட்டர் பல்பு அளவு. ஆகவே ‘கரண்ட் தாங்காது, அதனால் ரிலே போடு’ என்று யாராவது சொன்னால் அந்தக் காரணம் தப்பு.

ரிலே போடச் சொல்வதற்குச் சரியான காரணம் வேறு. பார்க்கிங் லைட் வயரிலோ ஹெட்லைட் வயரிலோ நேராக எடுத்தால், உன் ஜிபிஎஸ்ஸும் அந்த விளக்கும் ஒரே ஃபியூஸில் தொங்கும். ஹேண்டில்பார் திரும்பித் திரும்பி வயர் உரசி எங்காவது ஷார்ட் ஆனால் போவது ஜிபிஎஸ் மட்டுமில்லை. டெய்ல் லாம்ப், மீட்டர், அந்த ஃபியூஸில் இன்னும் என்னென்ன இருக்கிறதோ எல்லாம் சேர்ந்து அணையும். ராத்திரியில் லாரிக்கு முன்னால் டெய்ல் லாம்ப் இல்லாமல் நிற்பாய். ஜிபிஎஸ் செத்தால் வண்டி சாகக் கூடாது. ரிலே அதற்காகத்தான்.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், 3 ஆம்பியர் போதும். பின்னால் யூஎஸ்பி சார்ஜரும் மாட்டுவாய் என்றால் 5 ஆம்பியர் போட்டுக்கொள். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, சாதனத்தை இல்லை. அதனால் அதைச் சாதனத்துக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள முழு நீளமும் காவலில்லாமல் கிடக்கும். கார்மின் வயரிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்பாய். அது அந்த வயரின் தலையில் இருக்கிறது. நீ நடுவில் இரண்டு மீட்டர் வயர் சேர்த்தால் அதற்குத் தனி ஃபியூஸ் வேண்டும்.

ரிலே பின்களில் எண் போட்டிருக்கும். ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30. ரிலேயின் 87-லிருந்து ஜிபிஎஸ் சிவப்பு. 85-ஐ மைனஸில் கொடு. 86-க்கு பார்க்கிங் லைட் அல்லது டெய்ல் லாம்ப் வயரிலிருந்து ஒரு மெல்லிய வயர். ரிலே காயில் இழுப்பது 0.15 ஆம்பியர்தான், அந்தச் சுற்றுக்கு அது தெரியவே தெரியாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் விளக்குக்கு ஆஃப் சுவிட்சே கிடையாது என்பதால் வண்டி ஓடும்போதெல்லாம் அந்த வயரில் கரண்ட் இருக்கும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள். சில வண்டிகளில் சாவியைப் பார்க்கிங் நிலையில் வைத்து எடுத்தாலும் டெய்ல் லாம்ப் எரியும், ஜிபிஎஸ்ஸும் கூடவே எரியும்.

கறுப்பு வயரைப் பேட்டரி மைனஸ் வரை கொண்டு போ. சட்டத்தில் ஏதோ ஒரு போல்ட்டில் எர்த் கொடுக்காதே. இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஊர்சுத்தி | ஓசூர்

வயர்மேன் அண்ணா, ஒரு ஆம்பியர் சாமானுக்கு ரிலே, ஹோல்டர், நாலு வயர் என்றால் கெட்டுப்போக நாலு இடம் கூடுகிறது. பேட்டரியில் ஃபியூஸோடு நேராகக் கொடுத்து, நடுவில் ஒரு வாட்டர்ப்ரூஃப் கனெக்டர் வைத்துவிட்டால் வேண்டும்போது சொருகலாம். பழுதானால் பிடுங்கி எறியலாம். வண்டியின் ஒரு வயரையும் சீவ வேண்டாம். நீங்கள் சொன்ன ‘வண்டி சாகக் கூடாது’ இதிலும் கிடைக்கிறதே?

பழைய வயர்மேன் | மதுரை

கிடைக்கிறது. இதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். தினமும் பிடுங்கும் பழக்கம் இருந்தால் இது நல்ல வழிதான். எனக்குத் தெரிந்து அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லை.

சாதனத்தைக் கழற்றிக்கொண்டு போனாலும் கிரேடில் உள்ளே வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட் விழித்துக்கொண்டே இருக்கும். சும்மா 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் மணி. உன் பேட்டரி 8 ஆம்பியர் மணி என்றால் எட்டு ஒன்பது நாளில் பாதி காலி. ஹிமாலயனுக்குக் கிக்கரும் இல்லை. நேராகக் கொடுப்பவர்கள் சாவியை எடுத்து, ஜிபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான் என்றால் நிம்மதியாக அப்படியே விடலாம்.

கேஎல் தம்பி | கோலாலம்பூர்

பீஎம்டபிள்யூ ஜிஎஸ் போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்து டெய்ல் லாம்ப் வயரைச் சீவிவிடாதீர்கள். கேன் பஸ், அதாவது பாகங்கள் கணினி வழியாகப் பேசிக்கொள்ளும் இணைப்பு உள்ள வண்டிகளில் ஒவ்வொரு விளக்கும் இழுக்கும் கரண்டைக் கணினி பார்த்துக்கொண்டிருக்கும். கூடுதலாக ஏதாவது இழுத்தால் பல்பு கோளாறு என்று எச்சரிக்கும், அந்தச் சுற்றையே மூடியும் விடலாம். அந்த வண்டிகளில் முன்பக்கம் நேவிகேஷனுக்கென்றே ஒரு கனெக்டர் விட்டிருப்பார்கள். அதில்தான் எடுக்க வேண்டும், அதுவும் சாவி அணைந்து கொஞ்ச நேரத்தில் தானே கரண்டை நிறுத்திக்கொள்ளும். ரிலேயெல்லாம் வேண்டாம்.

மலைப்பாதை | சென்னை

வயர்மேன் சார் சொன்னபடி ரிலேதான். பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் கேட்டேன். டெய்ல் லாம்ப் வயரைக் கொஞ்சம் சீவி, முறுக்கி, டேப் சுற்றினால் பத்து நிமிட வேலை என்கிறார். சரியா?

பழைய வயர்மேன் | மதுரை

பத்து நிமிட வேலைதான், மூன்று மாத ஆயுள்தான். நம் ஊர் வெயிலுக்குக் கறுப்பு பிவிசி டேப்பின் பசை உருகி, டேப் நழுவி, உள்ளே செம்பு பச்சையாகிக் கிடக்கும். எத்தனை வண்டியில் பார்த்தாயிற்று.

டெய்ல் லாம்ப் கனெக்டரைப் பார். அதே வகை ஆண், பெண் கனெக்டர் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். இரண்டையும் வைத்து நடுவில் ஒரு குட்டி இணைப்பு வயர் செய்து, அதிலிருந்து 86-க்கு ஒரு கிளை எடு. வண்டி வயரை வெட்ட வேண்டாம். வாரண்டி கேள்வி வந்தால் பிடுங்கிவிட்டுக் கம்பெனி கனெக்டரை மறுபடி சொருகிவிடலாம்.

மற்ற இணைப்புகளுக்குக் கிரிம்ப், அதாவது உலோக முனையை வயர் மேல் நசுக்கிப் பிடிக்க வைப்பது. ஈயம் வைத்தால்தான் கெட்டி என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அசையாத இடத்துக்கு அது சரி. பைக்கில் ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறி அந்த இடத்தை இரும்புக் கம்பி மாதிரி ஆக்கிவிடும், அதிர்வில் ஈயம் முடியும் விளிம்பில்தான் வயர் முறியும். நல்ல கிரிம்பிங் பிளையர் வாங்கு, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடு. உள்ளே பசை தடவிய வகை கிடைத்தால் இன்னும் நல்லது. ரிலேயைப் பின்கள் கீழே பார்க்கும்படி மாட்டு, தண்ணீர் தேங்காது.

வயர் தடிமனைக் கேட்பாய் என்று தெரியும். 0.75 சதுர மி.மீ. ஆட்டோ வயர், போக வர நாலு மீட்டர் என்று வைத்தால், ஒரு ஆம்பியருக்கு இழப்பு 0.1 வோல்ட்கூட வராது. அதற்கு மேல் தடித்த வயர் வீண், ஹேண்டில் கழுத்தில் மடங்கவும் மடங்காது. வீட்டு வயரிங்கில் மிஞ்சியதைப் போடாதே.

மேகமலை | தேனி

மாட்டும் இடத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே, நான் சொல்கிறேன்.

ஜூமோ கிரேடிலின் பின்னால் நாலு துளை இருக்கும், 30-க்கு 38 மி.மீ. இடைவெளி. பைக் மவுண்ட் செய்கிற பலரும் இந்த அளவைப் பின்பற்றுகிறார்கள், அதனால் அந்த அளவில் வரும் எந்த கம்பெனியின் பந்து மூட்டும் சேரும். ராம் மவுண்ட்டின் ஒரு அங்குலப் பந்து இந்த எடைக்குத் தாராளம். பந்தின் மேல் ரப்பர் பூசியிருப்பதால் அதிர்வையும் கொஞ்சம் தின்னும், வழுக்கவும் செய்யாது.

கீழே பிடிக்க மூன்று இடம். ஒன்று ஹேண்டில்பார் குழாயில் யூ போல்ட். 22 மி.மீ. குழாய்க்கு எளிதாகக் கிடைக்கும். இரண்டு, கண்ணாடித் தண்டின் அடியில் மாட்டும் துளைத் தகடு. மலிவு, ஆனால் ஹேண்டிலின் ஓரம் என்பதால் ஆட்டம் அதிகம், கண்ணும் சாலையை விட்டுப் பக்கவாட்டில் போக வேண்டும். மூன்று, மீட்டருக்கு மேலே வின்ட்ஸ்கிரீன் பின்னால் குறுக்குக் கம்பி வைத்து அதில். என் ஓட்டு மூன்றாவதற்கு. கண்ணைத் தாழ்த்தாமல் பார்க்கலாம், கண்ணாடி வெயிலையும் மழையையும் பாதி தடுக்கும், முக்கியமாக அது ஹேண்டிலோடு திரும்பாது. ஹேண்டிலோடு திரும்பாவிட்டால் வயரும் மடங்காது. வயர்மேன் அண்ணா பயப்படுகிற உரசலில் முக்கால்வாசி அங்கேயே ஒழிந்துவிடும். கம்பி மெலிதாக இருந்தால் மட்டும் வேண்டாம், கல் சாலையில் ஜிபிஎஸ் தலையாட்டிக்கொண்டே வரும்.

ஹேண்டில்பாரில்தான் என்றால் அதை நடுவில் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. பந்துகளை இணைக்கும் கை குட்டையாக இருக்கட்டும். மாட்டிய பிறகு நின்று ஓட்டும் நிலையிலும் பாருங்கள். குழியில் எழுந்து நிற்கும்போது ஜிபிஎஸ் வயிற்றில் இடிக்கும்படி இருந்தால் இடம் தப்பு.

வயரைக் கட்டிய பின் ஹேண்டிலை இரண்டு பக்கமும் பூட்டு வரை திருப்புங்கள், இன்ஜின் ஓடும்போது. ஆர்பிஎம் மாறினால் வயர் ஆக்ஸிலேட்டர் கேபிளை இழுக்கிறது என்று அர்த்தம். கிளட்ச், ஆக்ஸிலேட்டர் கேபிளோடு சேர்த்து ஜிப் டை போடவே கூடாது. கனெக்டருக்குப் போகும் முன் வயரை ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போகும்.

சேலம் 650 | சேலம்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் இன்டர்செப்டர் 650 பைக்கில் ஒரு ஆக்ஸசரீஸ் கடையில் ஜிபிஎஸ் மாட்டிக் கொடுத்தார்கள். நெடுஞ்சாலையில் பிரச்சினை இல்லை. ஏற்காடு ஏறும்போது மட்டும் ‘வெளி மின்சாரம் துண்டிக்கப்பட்டது’ என்று காட்டுகிறது, சில நொடியில் திரும்ப வருகிறது. சாதனமே கோளாறு, மாற்ற வேண்டும் என்கிறார்கள். அப்படித்தானா?

பழைய வயர்மேன் | மதுரை

சாதனத்தை மாற்றாதீர்கள். ஹேண்டில் அதிகம் திரும்பும் சாலையில் மட்டும் வருகிறது என்றால் வயரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வண்டியை நிறுத்தி, ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று ஜிபிஎஸ் பக்கத்துக் கறுப்பு வயரில். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அப்படியே ஹேண்டிலைத் திருப்புங்கள், எர்த் போல்ட்டைத் தட்டுங்கள். எண் துள்ளினால் மைனஸில்தான் கோளாறு. பிளஸ்ஸுக்கும் இதே மாதிரி, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஜிபிஎஸ் சிவப்பு வரை.

இரண்டும் சுத்தமாக இருந்தால் கிரேடிலில் இருக்கும் குட்டி ஸ்பிரிங் பின்களைப் பாருங்கள். தூசி, உப்பு படிந்திருந்தால் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துணியால் துடைத்தால் போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

ஊர்சுத்தி | ஓசூர்

ஸ்டார்ட் செய்யும் நொடியிலும் அந்த அறிவிப்பு வரும் ப்ரோ, அது கோளாறு இல்லை. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி 10 வோல்ட் பக்கம் இறங்கும். ஜூமோவுக்குச் சொந்த பேட்டரி இருப்பதால் சமாளித்துக்கொள்ளும்.

சேலம் 650 | சேலம்

அளந்துவிட்டேன். பிளஸ் பக்கம் சுத்தம். மைனஸில் சும்மா இருக்கும்போதே 0.4 வோல்ட், ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினால் 3 வோல்ட்டுக்கு மேல் தாவுகிறது. கறுப்பு வயரை ஹெட்லைட் பிராக்கெட் போல்ட்டில், பெயின்ட்டுக்கு மேலேயே லக் (வயர் முனையின் உலோக வளையம்) வைத்து முறுக்கியிருக்கிறார்கள். திரும்பும்போது வயர் இழுத்து லக் ஆடுகிறது. பேட்டரி மைனஸுக்குத் தனி வயர் இழுத்த பிறகு 0.05. நேற்று ஏற்காடு போய் வந்தேன், ஒருமுறைகூட அணையவில்லை. நன்றி சார்.

மேகமலை | தேனி

மலைப்பாதை, இது வயரிங் இல்லை, ஆனாலும் கிளம்பும் முன் தெரிந்துகொள்ளுங்கள். வழிகாட்டும் ஜிபிஎஸ் வைத்துக்கொள்வதில் தடை எதுவும் இல்லை. சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வேறு சங்கதி. கார்மினிலேயே இன்ரீச் என்று ஒன்று உண்டு, அதையும் சாட்டிலைட் போனையும் நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கு வரை போனவர்கள் உண்டு, லடாக் எல்லைப் பக்கம் கேட்கவே வேண்டாம். நண்பர் கொடுத்த பெட்டியில் அந்த மாதிரி ஏதாவது இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

மலைப்பாதை | சென்னை

பார்த்துவிட்டேன் அக்கா, அப்படி எதுவும் இல்லை. வின்ட்ஸ்கிரீன் பின்னால் கம்பி வைப்பதாக முடிவு. கழுவும்போதும் ஹோட்டலில் நிறுத்தும்போதும் கிரேடிலை என்ன செய்வது?

கேஎல் தம்பி | கோலாலம்பூர்

சாதனத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ராம் மவுண்ட்டின் திருகுப் பிடிக்குப் பதிலாகச் சாவி போட்டுத் திருகும் பிடி கிடைக்கும், அதைப் போட்டால் கிரேடில் அங்கேயே இருக்கும். பிரஷர் வாஷ் துப்பாக்கியைப் பின்கள் பக்கம் காட்டாதீர்கள். அவ்வளவுதான்.

மலைப்பாதை | சென்னை

கடைசியாக ஒன்று வயர்மேன் சார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரிலே வாங்கினேன். ஐந்து பின் இருக்கிறது. நீங்கள் சொன்னது நாலுதானே? நடுவில் 87ஏ என்று ஒன்று. ஹோல்டரில் அதற்கும் ஒரு வயர் தொங்குகிறது.

பழைய வயர்மேன் | மதுரை

அதே ரிலேயைப் பயன்படுத்தலாம், மாற்ற வேண்டாம். ஆனால் அந்த நடு வயரை அப்படியே தொங்கவிடாதே. ரிலே தூங்கும்போது 30-க்கு வரும் கரண்ட் 87ஏ-வுக்குத்தான் போகும். அதாவது சாவியை எடுத்து வண்டியை நிறுத்தியிருக்கும்போதுதான் அந்த வயரில் 12 வோல்ட் இருக்கும். சட்டத்தில் பட்டால் ஃபியூஸ் போகும். ஜிபிஎஸ்ஸை அதில் கொடுத்துவிட்டால் வண்டி நிற்கும்போது எரியும், ஓடும்போது அணையும்.

ஹோல்டரிலிருந்து அந்த டெர்மினலைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் பின்னால் கழன்று வரும், முழுசாக எடுத்துவிடு. வரவில்லை என்றால் வயரைக் குட்டையாக வெட்டி, முனையில் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி மூடு. டேங்கை மூடும் முன் ஹோல்டரைப் படம் எடுத்து இங்கே போடு, எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.